கழுத்தும் நுகமும்

பேக்-மேனின் சத்தம் கேட்கிறது. காசு போட்டால் பழகிய அந்தச் சின்ன இசை வருகிறது. குச்சியை அசைத்தால் புள்ளிகளை விழுங்கும் ஒலியும் வருகிறது. திரையில் மட்டும் கும்மிருட்டு. 1980-ல் ஜப்பானின் நாம்கோ நிறுவனத்துக்காக தோரு இவாதானி உருவாக்கிய அந்த மஞ்சள் வாய் உள்ளே உயிரோடுதான் இருக்கிறது. நமக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

பழைய வீடியோ விளையாட்டு இயந்திரங்களைச் சேகரிப்பவர்கள் மிகவும் பயப்படுவது இந்த இருட்டுக்குத்தான். விளையாட்டின் மூளையான சர்க்யூட் போர்டு கெட்டால் சில்லுகளை மாற்றலாம். அதிலிருந்த நிரலை வேறு சில்லில் எழுதிக்கொள்ளலாம். மரப்பெட்டி இற்றுப்போனால் தச்சர் இருக்கிறார். பொத்தானும் குச்சியும் புதிதாகவே கிடைக்கின்றன. பிக்சர் டியூப் மட்டும் அப்படியில்லை. அதைக் கோடிக்கணக்கில் ஊதித் தள்ளிய தொழிற்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடிவிட்டன. இருப்பதை வைத்துக்கொண்டு காலம் தள்ள வேண்டியதுதான்.

இது என்ன பெரிய விவகாரமா என்று கேட்கலாம். வீடியோ கேம் பார்லரில் டோக்கன் வாங்கிக்கொண்டு வரிசையில் நின்ற தலைமுறை கேட்காது. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இதற்கென்றே இடங்கள் இருக்கின்றன. இலினாய் மாநிலத்தின் புரூக்ஃபீல்டில் 2010-ல் தொடங்கிய கேலப்பிங் கோஸ்ட், நியூ ஹாம்ப்ஷயரின் லகோனியாவில் ஃபன்ஸ்பாட், டோக்கியோவின் தகாதனோபாபா பகுதியில் மிகாடோ. இங்கெல்லாம் நாற்பது வயதான இயந்திரங்களைக் கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்துக் காட்டுவதில்லை. காசைப் போட்டு ஆடலாம். ஆடினால் தேயும். தேய்ந்தால் பழுது பார்க்க வேண்டும். பழுது பார்க்கும் கலைதான் இப்போது டியூபைவிட வேகமாகக் குறைந்துவருகிறது.

என்னைப் போன்ற மொழிபெயர்ப்புக்காரர்களுக்கு இந்தச் சாதனத்தில் ஒரு தனி ருசி உண்டு. புனல் போன்ற அந்தக் கண்ணாடிக் குடுவையின் பின்புறக் குழாய்க்கு ஆங்கிலத்தில் 'கழுத்து' என்று பெயர். கழுத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் செம்புக் கம்பிச் சுருளுக்கு 'யோக்'. நம் டிவி மெக்கானிக்குகளும் யோக் என்றே சொன்னார்கள். கலைச்சொல் குழுவிடம் கொடுத்தால் 'விலக்கச் சுருள்' என்று பத்திரமாகத் திருப்பித் தருவார்கள். அகராதியைப் பிரித்தால் இருப்பதோ நுகம், நுகத்தடி. பெயர் வைத்தவர் வண்டிமாடு பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும். கழுத்துக்குப் பொருந்தாத நுகத்தை வைத்தால் மாட்டுக்குப் புண்தான் மிஞ்சும் என்பது நம் உழவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாத சங்கதி. ஆர்கேட் மானிட்டர் பழுதுபார்ப்பில் பாதிச் சிக்கல் இந்த ஒரு விஷயத்தில்தான் வந்து நிற்கிறது.

கழுத்துக்குள் இருக்கும் துப்பாக்கி எலக்ட்ரான்களைச் சுடுகிறது. கலர் டியூப் என்றால் மூன்று கதிர்கள். திரையின் உட்புறம் பூசிய பாஸ்பரை அவை தாக்கும் இடம் ஒளிர்கிறது. கதிரைச் சும்மா விட்டால் நட்டநடுவில் ஒரே புள்ளிதான் எரியும். அதை இடமிருந்து வலமாகவும் மேலிருந்து கீழாகவும் இழுத்துக்கொண்டு ஓடுவது யோக்கின் வேலை. இந்திய டிவிகளில் இந்த இட-வல ஓட்டம் வினாடிக்கு 15,625 முறை. அமெரிக்காவில் 15,734. அக்கால விளையாட்டு இயந்திரங்களும் ஏறத்தாழ இதே வேகத்தில்தான் ஓடின. பிறகு வந்த கம்ப்யூட்டர் மானிட்டர்கள் 31 ஆயிரத்துக்கு மேல். அதனால்தான் பரணில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டர் மானிட்டரைத் தூசு தட்டி பேக்-மேன் பெட்டிக்குள் மாட்டுகிறவர்களுக்குக் கிழிந்த துணி போன்ற கோடுகள் தெரிகின்றன, அல்லது எதுவுமே தெரிவதில்லை. இரண்டுமே கண்ணாடி டியூப்தான். ஆனால் வேகம் ஒத்துப்போகவில்லை.

டிவிக்கும் இதற்கும் இன்னொரு வித்தியாசம். டிவி, ஆன்டெனாவிலிருந்து வரும் குழம்பிய சமிக்ஞையைப் பிரித்துப் படமாக்குகிறது. ஆர்கேட் மானிட்டருக்கு அந்தத் தொல்லை இல்லை. சிவப்பு, பச்சை, நீலம் என்று தனித்தனிக் கம்பிகளில் நேராக வந்துவிடுகின்றன. ட்யூனரும் இல்லை, ஸ்பீக்கரும் இல்லை. வெறும் எலும்புக்கூடு. சிகாகோவில் 1925-ல் தொடங்கிய வெல்ஸ்-கார்ட்னர், கனடாவின் கிச்சனர் நகரத்து எலக்ட்ரோஹோம், இத்தாலியின் ஹான்டாரெக்ஸ், ஜப்பானின் சான்யோ, நனாவோ ஆகியவை இந்த எலும்புக்கூடுகளைச் செய்து விற்றன. நனாவோ 2013-ல் ஐஸோ என்று பெயரை மாற்றிக்கொண்டு மருத்துவத் திரைகள் செய்யப் போய்விட்டது. வெல்ஸ்-கார்ட்னர் 2014-ல் கடையைக் கட்டியது. அவர்கள் விட்டுப்போன சர்வீஸ் கையேடுகளின் நகல்கள்தான் இன்று பழுதுபார்ப்பவர்களின் வேதம்.

நோய்கள் பெரும்பாலும் எளியவை. மரப்பெட்டிக்குள், காற்றோட்டமில்லாத சூட்டில், தினமும் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் எரிந்த சாதனம் இது. எலக்ட்ரோலிடிக் கண்டென்சர்களுக்குள் இருக்கும் திரவம் வற்றிவிடும். படம் ஓரங்களில் சுருங்கும், நெளியும், மேல் விளிம்பு மடிந்துகொள்ளும். இருபது முப்பது கண்டென்சர்களை மொத்தமாக மாற்றினால் பாதி மானிட்டர்கள் எழுந்து உட்கார்ந்துவிடுகின்றன. ஒவ்வொரு மாடலுக்கும் தேவையான கண்டென்சர்களைப் பொட்டலமாகக் கட்டி விற்கிறார்கள். மளிகைக் கடையில் சாம்பார்ப் பொடி வாங்குவது மாதிரி. கொள்ளளவு அதே இருக்க வேண்டும். வோல்ட்டேஜ் அதே அல்லது கொஞ்சம் கூடுதல். 85 டிகிரிக்குப் பதில் 105 டிகிரி தாங்குவதாக இருந்தால் உத்தமம். பிளஸ், மைனஸ் மாற்றிப் போட்டால் வெடிக்கும். படம் முழுவதும் ஒரே கிடைக்கோடாகச் சுருங்கிவிட்டால் மேல்-கீழ் ஓட்டத்தைப் பார்க்கும் பகுதி படுத்துவிட்டது என்று அர்த்தம். ஒரு நிறம் மட்டும் காணாமல் போனால் கழுத்தின் முனையில் செருகியிருக்கும் சின்ன போர்டைப் பார்க்க வேண்டும். அங்கே பெரும்பாலும் டிரை சால்டர்தான் குற்றவாளி. ஈயப் பற்றில் மயிரிழை விரிசல். சூடான சால்டரிங் அயர்னை ஒரு கணம் வைத்து எடுத்தால் நிறம் திரும்பிவிடும். இந்த வித்தை நம் ஊர்த் தெருமுனை மெக்கானிக்குக்கும் அத்துப்படி.

ஆனால் இந்த வேலையில் ஆளைக் கொல்லும் இடங்களும் உண்டு. டியூபின் வயிற்றில் ரப்பர் மூடிக்குக் கீழே நுழையும் தடித்த கம்பியில் இருப்பது 20 ஆயிரம் வோல்ட்டுக்கு மேல். சுவிட்சை அணைத்தாலும் போகாது, ஏனென்றால் டியூபே ஒரு பெரிய கண்டென்சர். பழகியவர்கள் ஒரு ஸ்க்ரூ டிரைவரைக் கம்பியால் உலோகச் சட்டத்துடன் இணைத்து, ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, மறு கையால் அதை மூடிக்கு அடியில் செலுத்துவார்கள். 'டப்' என்று ஒரு சத்தம். சில நிமிஷம் கழித்து இன்னொரு முறை செய்வார்கள், கண்ணாடியில் ஒட்டியிருக்கும் மின்னூட்டம் மெல்லத் திரும்பி வரும் என்பதால். இன்னொரு வம்பு: அமெரிக்காவின் பல பழைய மானிட்டர்களில் வீட்டு மின்சாரம் நேராக உள்ளே நுழைகிறது. தனிமைப்படுத்தும் டிரான்ஸ்பார்மர் பெட்டிக்குள் வேறோர் இடத்தில் இருக்கும். மானிட்டரை மட்டும் கழற்றி மேஜையில் வைத்துச் சுவரில் செருகினால் சட்டமே உயிர்க்கம்பியாகிவிடலாம். படித்துவிட்டு யாரும் பரணுக்கு ஏறிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

கண்டென்சரோடு முடியாத நோய்களில்தான் தேடல் தொடங்குகிறது. எலக்ட்ரோஹோம் ஜி07 என்று ஒரு மாடல். 80-களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பார்லர்களில் எங்கு பார்த்தாலும் அதுதான். இதன் பலவீனம் ஃப்ளைபேக் டிரான்ஸ்பார்மர், நம் மெக்கானிக்குகள் ஈ.ஹெச்.டி. என்பார்களே அது. உள்ளே காப்பு உடைந்தால் அது தனியாகச் சாகாது. இட-வல ஓட்டத்தைத் தள்ளும் பெரிய டிரான்சிஸ்டரையும் ஃப்யூஸையும் கூட்டிக்கொண்டு போகும். விவரம் தெரியாதவர் டிரான்சிஸ்டரை மட்டும் மாற்றி சுவிட்சைப் போட்டால் புது டிரான்சிஸ்டரும் ஒரு நொடியில் காலி.

இந்தப் பாகங்களுக்கு 'ஈக்விவலன்ட்' தேடுவது ஒரு கலை. ஒரு காலத்தில் நம் டிவி கடைகளில் பி.யு.208 என்ற டிரான்சிஸ்டர் இல்லாத டப்பா கிடையாது. அது இல்லையென்றால் இது என்று தடித்த அட்டவணைப் புத்தகத்தைப் புரட்டுவார்கள். ஆனால் அட்டவணை சொல்வது பாதிதான். வோல்ட்டேஜ், கரன்ட் இரண்டும் ஒத்துப்போனாலும் வேகம் ஒத்துப்போக வேண்டும். சிலவற்றில் உள்ளேயே ஒரு டையோடு இருக்கும், சிலவற்றில் இருக்காது. அதைக் கவனிக்காமல் போட்டவர் மறுபடி கடைக்குப் போவார். இப்போது இன்னொரு தொல்லை சேர்ந்திருக்கிறது. உற்பத்தி நின்றுபோன டிரான்சிஸ்டர்களின் எண்களை வேறு மலிவுச் சரக்கின் முதுகில் அச்சடித்து விற்கிறார்கள். வெளியில் பார்த்தால் அசல். மூடியை உடைத்தால் உள்ளே சிலிக்கன் துண்டு கடுகு அளவுதான். மேஜையில் மீட்டர் வைத்துச் சோதித்தால் தேறிவிடும், இயந்திரத்தில் போட்டால் பத்து நிமிஷம். எழுதியிருப்பதை அப்படியே நம்ப முடியாது என்பது மொழிபெயர்ப்புத் தொழிலிலும் தெரிந்ததுதான், ஆனால் அங்கே புகை வராது.

பாகம் சரி, முழு மானிட்டரையே மாற்றிவிடலாமே? அதிலும் வில்லங்கம் உண்டு. 1981-ன் டாங்கி காங் பெட்டியில் நின்டெண்டோ வைத்தது சான்யோவின் மானிட்டர். அதற்கு நின்டெண்டோ போர்டு அனுப்பிய வண்ணச் சமிக்ஞை தலைகீழானது. வேறு மானிட்டரை மாட்டினால் புகைப்பட நெகட்டிவ் மாதிரி எல்லாம் எதிர்மறையாகத் தெரியும். போதாததற்கு ஒலிபெருக்கிச் சுற்றும் அந்த சான்யோவுக்குள்ளேயே இருந்தது. மானிட்டரைக் கழற்றினால் குரங்கின் சத்தமும் போய்விடும். எனவே மாற்று மானிட்டரோடு சமிக்ஞையைத் திருப்பும் ஒரு போர்டும் ஒலிக்கு ஒரு போர்டும் சேர்த்து வாங்க வேண்டும்.

எல்லாம் சரியாகி டியூபே தேய்ந்திருந்தால்? பேக்-மேனில் அது தெளிவாகத் தெரியும். மாறாத நீலச் சுவர்கள் வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் எரிந்ததால், மின்சாரம் இல்லாதபோதும் திரையில் அந்தப் புதிர்ப்பாதை சாம்பல் நிறத்தில் நிற்கும். துப்பாக்கியின் கேதோடு களைத்திருந்தால் அதற்கு ஒரு முரட்டு வைத்தியம் உண்டு. பி அண்ட் கே, சென்கோர் கம்பெனிகள் செய்த பழைய கருவிகளால் கேதோடின் மேல்தோலைச் சுட்டு உரிப்பார்கள். சில டியூப்கள் வாலிபம் திரும்பி வருஷக்கணக்கில் ஓடுகின்றன. சில அங்கேயே உயிரை விடுகின்றன. முன்பெல்லாம் கழுத்தை அறுத்துப் புதுத் துப்பாக்கி பொருத்தி, காற்றை உறிஞ்சி மூடித் தரும் பட்டறைகள் இருந்தன. அமெரிக்காவில் கடைசியாகத் தாக்குப்பிடித்தவற்றில் ஒன்றான அயோவா மாநிலத்து ஹாக்-ஐ பட்டறை 2010-ல் மூடியது. அதன் கருவிகள் ஓஹாயோவில் தொலைக்காட்சிகளுக்கென்றே உள்ள ஓர் அருங்காட்சியகத்துக்குப் போயின.

ஆகவே மிஞ்சியது ஒரே வழி: ஒரு டிவியைக் கொன்று ஒரு விளையாட்டைப் பிழைக்க வைப்பது. டியூபுக்கு பால், என்.டி.எஸ்.சி. என்ற பேதமெல்லாம் தெரியாது. அதை ஓட்டும் சுற்றுக்குத்தான் தெரியும். அதனால் அதே அளவுள்ள, நல்ல துப்பாக்கியுள்ள எந்த டிவி டியூபும் கொள்கையளவில் போதும். நடைமுறையில் கழுத்தின் தடிமன் ஒன்றாக இருக்க வேண்டும். கலர் டியூப்களில் 22.5 மி.மீ., 29.1 மி.மீ. என்று இரு சாதிகள். கதிர் விரியும் கோணம் ஒன்றாக இருக்க வேண்டும், 90 டிகிரி டியூபுக்கான நுகம் 110-க்கு ஆகாது. முனையின் ஊசிகள் சாக்கெட்டில் நுழைய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக யோக்கின் மின்தடையும் தூண்டல் அளவும் மானிட்டரின் சுற்று எதிர்பார்க்கும் அளவுக்குப் பக்கத்திலாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் படம் அகலம் குறையும் அல்லது வழியும், டிரான்சிஸ்டர் கொதிக்கும். டிவியின் யோக் ஒத்துவராதபோது, செத்த டியூபிலிருந்து பழைய யோக்கைக் கழற்றிப் புது டியூபின் கழுத்தில் மாட்டுவார்கள். பழைய மாட்டின் நுகம் புது மாட்டுக்கு.

இந்த டிவிகள் எங்கே கிடைக்கின்றன? பத்தாண்டுகளுக்கு முன் அமெரிக்கத் தெருவோரங்களில் சும்மா கிடைத்தன. யாராவது எடுத்துப்போனால் போதும் என்று வாசலில் வைத்தார்கள். இப்போது அதுவும் அருகிவிட்டது. கிடைத்தாலும் பழைய இரும்புக்காரர் முந்திவிடுகிறார். அவருக்கு வேண்டியது யோக்கில் இருக்கும் செம்பு. இழுத்துப் பிடுங்கும்போது கழுத்து முறியும். 'உஸ்' என்று காற்று உள்ளே போகும் சத்தம், அவ்வளவுதான், அந்த டியூப் இனி வெறும் ஈயம் கலந்த கண்ணாடி. தில்லி சீலம்பூரில் மலையாகக் குவியும் மின்குப்பையிலும் முதலில் போவது செம்புதான். உலகமே தட்டைத் திரைக்குத் தாவிக்கொண்டிருந்த 2005-ல் தாம்சன் கம்பெனியின் பிக்சர் டியூப் தொழிலை வாங்கியது நம் வீடியோகான். வாங்கிய நேரம் சரியில்லை, 2018-ல் அந்த வீடியோகானே திவால் நடவடிக்கைக்குப் போனது. தமிழ்நாட்டில் 2006 முதல் அரசு வீடுவீடாகக் கொடுத்த 14 அங்குல கலர் டிவிகளும் இதே கண்ணாடிதான். அவற்றில் எத்தனைக்கு இன்னும் கழுத்து இருக்கிறதோ.

இவ்வளவு பாடு எதற்கு, ஓர் எல்.சி.டி. பலகையை உள்ளே வைத்துவிட்டால் போகாதா என்பது நியாயமான கேள்வி. பலர் வைக்கிறார்கள். அவர்களை நான் பழிக்க மாட்டேன். எடை குறைவு, மின்சாரம் மிச்சம், யாருக்கும் ஷாக் அடிக்காது. பேக்-மேனின் 224-க்கு 288 புள்ளிகளை எல்.சி.டி. சதுரம் சதுரமாக, கத்தியால் வெட்டினது போல் காட்டும். டியூபில் அவை ஓரம் கரைந்து உருண்டையாகத் தெரியும். வரைந்தவர்கள் பார்த்து வரைந்தது இந்தக் கரைதலைத்தான். ஆனால் இது ரசனை சம்பந்தப்பட்டது, சண்டை போடுவதற்கில்லை.

சண்டை போட வேண்டிய இடங்கள் வேறு. நின்டெண்டோவின் டக் ஹன்ட்டில் துப்பாக்கிக்குள் இருப்பது ஒளியை உணரும் கண். விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து வாத்து இருக்கும் இடம் மட்டும் வெளுக்கும். டியூபில் அது உடனே நடக்கும். எல்.சி.டி. கொஞ்சம் தாமதிக்கும். வாத்து சாகவே சாகாது. அதைவிட மோசம் அட்டாரியின் 1979 ஆஸ்டராய்ட்ஸ். அதில் கதிர் வரிவரியாக ஓடுவதில்லை. பேனா பிடித்தது போல் நேராகக் கோடுகளை வரைகிறது. குண்டு என்பது கதிர் ஒரே இடத்தில் நின்று எரியும் ஒரு புள்ளி. அந்தப் பிரகாசத்தைச் சாதாரணத் தட்டைத் திரைகள் எட்டுவதில்லை. வண்ணத்தில் இதையே செய்த 1981-ன் டெம்பெஸ்ட்டுக்கு வெல்ஸ்-கார்ட்னர் கொடுத்த 6100 மாடல், சூடேறித் தன்னையே எரித்துக்கொள்வதில் பெயர் வாங்கியது. 1983-ன் ஸ்டார் வார்ஸ் பெட்டிகளில் இருந்த ஆம்ப்ளிஃபோன் மானிட்டரின் உயர் மின்னழுத்த டிரான்ஸ்பார்மர் இன்னும் மோசம். ஆர்வலர்கள் தாங்களே காசு போட்டு, சிறு தொகுதிகளாகப் புதிதாகச் சுற்றவைத்தார்கள். கம்பெனி கைவிட்ட பாகத்தை வாடிக்கையாளர் செய்து முடித்தார்.

இப்படியெல்லாம் தேடிச் சேர்த்த டியூபைப் பெட்டியில் ஏற்றிய பிறகும் வேலை முடிவதில்லை. யோக் மாறியதால் மூன்று கதிர்களும் ஒன்றின்மேல் ஒன்று விழாது. வெள்ளைக் கட்டம்போட்ட சோதனைப் படத்தைத் திரையில் வைத்துக்கொண்டு, கழுத்திலுள்ள காந்த வளையங்களை நூலளவு நூலளவாகத் திருப்ப வேண்டும். நடு சரியானால் ஓரம் போகும். யோக்கை இப்படி ஒரு மி.மீ., அப்படி ஒரு மி.மீ. சாய்த்து இடுக்கில் ரப்பர் ஆப்புகளைச் செருகுவார்கள். மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஒரு கை முதுகுக்குப் பின்னால். பேக்-மேனில் மானிட்டர் நட்டக்குத்தலாக நிற்பதால், பெட்டியை நிமிர்த்தி நிறுத்தியதும் பூமியின் காந்தம் நிறத்தைக் கொஞ்சம் கலைக்கும். காந்தம் நீக்கும் வளையத்தைத் திரைக்கு முன் சுழற்றி மெல்லப் பின்வாங்க வேண்டும். இரண்டு மணி நேரம் ஆகலாம், ஒரு ராத்திரியும் ஆகலாம். கீழ்ப்பக்க வலது மூலையில் கோட்டின் ஓரத்தில் ஒரு சிவப்பு இழை மட்டும் எவ்வளவு திருப்பினாலும் போகாமல் நிற்கும். போதும் என்று ஆப்பைப் பசையால் ஒட்டிவிட்டு, பின்கதவைச் சாத்தி, முன்னால் வந்து ஒரு காசு போட்டுப் பார்ப்பார்கள்.